காரணத்தை எங்கே எழுதி வைப்பது: ஒரு சிறு மென்பொருள் குழுவின் ஒப்பீடு

மலேசியாவின் ஜொகூர் மாநிலம் 2014 ஜனவரி 1 முதல் வெள்ளியையும் சனியையும் வார விடுமுறையாகக் கொண்டிருந்தது. 2025 ஜனவரி 1 அன்று மீண்டும் சனி, ஞாயிறுக்குத் திரும்பியது. கோலாலம்பூரில் இருந்துகொண்டு சிறு, நடுத்தர நிறுவனங்களுக்குச் சம்பளக் கணக்கு மென்பொருள் எழுதும் எங்கள் எட்டுப் பேர் குழுவுக்கு அந்த மாற்றம் அரை நாள் வேலை என்றே தோன்றியது. எங்கள் தரவுத்தளத்தில் வார விடுமுறை மாநிலத்தோடு இணைக்கப்படாமல், ஒவ்வொரு நிறுவனத்தின் ஒவ்வொரு கிளையோடும் தனித்தனியாக எழுதப்பட்டிருந்தது. ஒரே தகவல் நூற்றுக்கணக்கான வரிசைகளில் திரும்பத் திரும்ப வருவதைக் கண்ட இளம் பொறியாளர் ஒருவர், அதைப் பழைய வடிவமைப்புப் பிழை என்று கருதி, மாநிலத்துக்கு ஒரு வரிசை என்று சுருக்கினார். மதிப்பாய்வு செய்த நான் அதைப் பாராட்டி ஒப்புதலும் கொடுத்தேன்.

அது பிழையன்று, யோசித்து எடுக்கப்பட்ட முடிவு. 2014இல் நடந்த மாற்றம் அரசு அலுவலகங்களுக்கானது. தனியார் நிறுவனங்கள் தங்கள் ஓய்வு நாளைத் தாங்களே தேர்ந்துகொள்ள முடிந்தது. கோலாலம்பூரோடும் சிங்கப்பூரோடும் வணிகம் செய்த பலர் சனி, ஞாயிறையே தொடர்ந்தார்கள். ஒரே நிறுவனத்தின் ஜொகூர் பாரு அலுவலகம் ஒரு நாளிலும் பத்து பகாட் கிளை வேறொரு நாளிலும் ஓய்வெடுத்த வாடிக்கையாளர்கள் எங்களுக்கு இருந்தார்கள். இந்த வேறுபாட்டை அறியாமல் நாங்கள் மாநில அட்டவணைக்கு மாறியதால், விடுமுறை மாறுவதற்கு முந்தைய டிசம்பர் மாதச் சம்பளத்தில் ஞாயிற்றுக்கிழமை வேலை செய்த பலருக்கு ஓய்வு நாள் ஊதியத்துக்குப் பதிலாகச் சாதாரண நாள் ஊதியம் கணக்கிடப்பட்டது. ஒரு வாடிக்கையாளரின் கணக்கர்தான் அதைக் கண்டுபிடித்தார். கிளைவாரி வடிவமைப்பைச் செய்த பொறியாளர் சிங்கப்பூருக்கு வேலை மாறிச் சென்று வெகுநாளாகிவிட்டது. அவர் விட்டுச்சென்ற கமிட் செய்தியில், அதாவது நிரல் மாற்றத்தைச் சேமிக்கும்போது எழுதும் குறிப்பில், 'கிளைவாரி வார விடுமுறை சேர்க்கப்பட்டது' என்ற ஒரு வரியைத் தவிர வேறு எதுவும் இல்லை. என்ன செய்தார் என்பது தெரிந்தது. ஏன் செய்தார் என்பதும், எந்த வழியை வேண்டாம் என்று ஒதுக்கினார் என்பதும் எங்கும் இல்லை.

அந்தத் தவறுக்குப் பிறகு, முடிவுகளின் காரணங்களை எங்கே எழுதி வைப்பது என்று நாங்கள் பல வாரங்கள் ஆராய்ந்தோம். பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் வழிகள் நான்கு: உரையாடல் செயலியும் குழுவினர் எவரும் திருத்தக்கூடிய விக்கிப் பக்கங்களும், நிரல் வரிகளுக்கிடையே எழுதும் கருத்துரையும் கமிட் செய்தியும், தனி முடிவுப் பதிவு, முடிவுக்கு முன்பே எழுதப்படும் முன்மொழிவு. இவற்றை ஒப்பிடுவதற்கு நான் வைத்துக்கொண்ட அளவுகோல் இரண்டே. ஜொகூர் வரிசையைத் திருத்த உட்கார்ந்த அந்த இளைஞரின் கண்ணில், அவர் தேடாமலே, காரணம் பட்டிருக்குமா? அதை எழுத வேண்டிய நாளில், வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் களைப்பில் இருந்த பழைய பொறியாளர் உண்மையிலேயே எழுதியிருப்பாரா? முதல் கேள்வியை மட்டும் கேட்பவர்கள் பெரிய ஆவண முறைகளைக் கொண்டுவந்து ஆறு மாதத்தில் கைவிடுகிறார்கள். இரண்டாவதை மட்டும் கேட்பவர்கள் எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் விட்டுவிடுகிறார்கள்.

உரையாடலும் விக்கியும்

எங்கள் முடிவுகளில் பெரும்பாலானவை வாட்ஸ்அப் குழுவிலும், ஸ்லாக் என்னும் அலுவலக உரையாடல் செயலியிலும், பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு நடந்து போகும் வழியிலும் பிறக்கின்றன. ஆகவே உரையாடலையே பதிவாக வைத்துக்கொண்டு தேவைப்படும்போது தேடிக்கொள்ளலாம் என்ற எண்ணம் இயல்பானது. ஸ்லாக்கின் கட்டணமில்லாக் கணக்குகள் 2022 செப்டம்பர் முதல் கடைசி 90 நாள் செய்திகளை மட்டுமே காட்டுகின்றன என்பது ஒரு தடை. பணம் கட்டினால் அது தீர்ந்துவிடும். தீராத தடை வேறொன்று. தேடுவதற்கு, தேடத்தக்க ஒரு காரணம் இருக்கிறது என்ற ஐயமாவது மனத்தில் எழவேண்டும். கிளைவாரி அட்டவணையைப் பிழை என்று முடிவுகட்டிவிட்ட ஒருவர், அதன் காரணத்தை ஸ்லாக்கில் தேடமாட்டார்; தேடுவதற்கான சொல்லும் அவரிடம் இருக்காது.

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. எங்கள் கூட்டங்கள் ஆங்கிலத்தில் தொடங்கி, மலாயில் சூடேறி, இரண்டு பேருக்குள் தமிழிலோ கண்டனீஸிலோ முடிகின்றன. ஒருவர் 'அது தாக் போலே' (அது கூடாது) என்று மேசையைத் தட்டிச் சொன்ன மறுப்பு, கூட்டக் குறிப்பில் 'இந்த வழி பரிந்துரைக்கப்படவில்லை' என்று ஆங்கிலத்தில் பதிவாகும்போது, அதன் வலிமை பாதியாகிவிடுகிறது. அடுத்த ஆண்டு அதைப் படிப்பவர், அது வெறும் விருப்பம் சார்ந்த கருத்து என்று எடுத்துக்கொள்வார். கூட்டத்தைப் பதிவு செய்து தானாக எழுத்தாக்கித் தரும் கருவிகளையும் முயன்றோம். ஒரே வாக்கியத்தில் மூன்று மொழிகள் வரும் இடங்களில்தான் அவை அதிகம் தடுமாறின, எங்கள் விவாதத்தின் உயிரான இடங்களும் அவையே.

விக்கிக்கு ஒரு நியாயமான இடம் இருக்கிறது. நிரல் கோப்புகளைச் சேமிக்கும் களஞ்சியத்தைத் திறக்காதவர்களும், அதாவது வாடிக்கையாளர் சேவையில் இருப்பவர்களும் சம்பள அதிகாரிகளும், படிக்கக்கூடிய ஒரே இடம் அதுதான். ஆனால் விக்கிப் பக்கம் இன்றைய நிலையைச் சொல்வதற்காகத் திருத்தப்படுவது. திருத்தம் வரும்போது பழைய காரணம் மேலெழுதப்பட்டுவிடுகிறது. பழைய பதிப்புகள் எங்கோ சேமிக்கப்பட்டிருந்தாலும் அவற்றைத் திறப்பவர் யாருமில்லை. 'எப்படிப் பயன்படுத்துவது' என்பதற்கு விக்கி, 'ஏன் இப்படிக் கட்டினோம்' என்பதற்கு வேறிடம் என்று பிரித்துக்கொண்டதோடு இந்த வழியை நாங்கள் விட்டுவிட்டோம்.

நிரலோடு ஒட்டிய காரணம்

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில், நிரல் மாற்றங்களின் வரலாற்றைப் பதிந்துவைக்கும் கிட் கருவியை எழுதியது, லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னல் வேலைக்காக. அந்தக் கெர்னலின் கமிட் செய்திகளைப் படிப்பது எனக்கு இன்றும் ஒரு கல்வி. நான்கு வரித் திருத்தத்துக்கு முப்பது வரி விளக்கம் இருக்கும்: எந்தச் சூழலில் பிழை வந்தது, யாரைப் பாதித்தது, ஏன் இந்தத் திருத்தம், வேறு எது முயலப்பட்டுத் தோற்றது. இதைப் பார்த்துவிட்டு, கமிட் செய்தியே போதும், தனி ஆவணம் எதற்கு என்று எங்கள் குழுவில் இருவர் வாதிட்டார்கள். அவர்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் கெர்னலில் அது ஏன் நடக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். அங்கே திருத்தத்தை அனுப்புபவரும் ஏற்றுக்கொள்பவரும் பெரும்பாலும் வேறு வேறு நாடுகளில் இருப்பவர்கள். மின்னஞ்சலில் வரும் விளக்கம் பராமரிப்பாளருக்கு நிறைவளிக்காவிட்டால் நிரல் உள்ளே போகாது. காரணத்தை எழுதுவது அங்கே வேலையின் பகுதி. எங்கள் அலுவலகத்தில் மதிப்பாய்வு செய்பவர் பக்கத்து நாற்காலியில் இருக்கிறார். காரணம் வாய்மொழியாகச் சொல்லப்பட்டுவிடுகிறது. ஆகவே கமிட் செய்திக்கு ஒரு வரியே மிஞ்சுகிறது. கருவியை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் பின்னுள்ள கட்டாயத்தை விட்டுவிட்டால் அதே பலன் வராது.

கருத்துரை போதுமான இடங்களும் இருக்கின்றன. மலேசியாவில் 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்கமாகக் கட்டும் பில் தொகை அருகிலுள்ள 5 சென்னுக்கு முழுமையாக்கப்படுகிறது. அதுவும் மொத்தத் தொகையில் மட்டும், ஒவ்வொரு பொருளின் விலையிலும் அன்று. எங்கள் விலைப்பட்டியல் பகுதியில் இதைச் செய்யும் சிறு செயற்பாடு ஒன்று இருக்கிறது. அதன் தலைமேல் மூன்று வரிக் கருத்துரை இருக்கிறது: 1 சென் நாணயப் புழக்கம், முழுமையாக்கும் விதி, பொருள்வாரியாகச் செய்தால் மொத்தம் தவறும் என்ற எச்சரிக்கை. அதைத் தொட வருபவர் அந்த மூன்று வரிகளைப் படிக்காமல் தொட முடியாது. காரணம் ஒரே இடத்தில் வாழ்கிறது. நிரலும் ஒரே இடத்தில் வாழ்கிறது. இதற்குத் தனி ஆவணம் எழுதுவது நேர விரயம்.

வார விடுமுறை அப்படிப்பட்டதன்று. அது அட்டவணை அமைப்பிலும், தரவு ஏற்றும் பக்கத்திலும், கூடுதல் நேரக் கணக்கிலும், அறிக்கைகளிலும் பரவிக் கிடக்கிறது. எந்த வரியின் தலையில் கருத்துரை எழுதுவது? அதைவிட ஆழமான சிக்கல் இது: அந்த முடிவின் சாரம், மாநில அட்டவணை வேண்டாம் என்பது. ஒதுக்கப்பட்ட வழி நிரலில் எந்தத் தடமும் விடுவதில்லை. இருக்கும் வரிக்குக் கருத்துரை எழுதலாம். எழுதாமல் விட்ட வரிக்கு எங்கே எழுதுவது? ஒரு குழு இரண்டாவது முறையாக அதே குழியில் விழுவது பெரும்பாலும் இந்த எழுதாமல் விட்ட வரிகளால்தான் என்பதை இந்த அனுபவம் எனக்குக் காட்டியது.

கமிட் வரலாறு நம்பத்தக்கதுதானா என்ற கேள்வியும் இருக்கிறது. கோப்பு முழுவதையும் ஒருமுறை ஒழுங்குபடுத்தும் கருவியால் ஓட்டிவிட்டால், ஒவ்வொரு வரியும் யாரால் எழுதப்பட்டது என்று கேட்கும்போது அந்த ஒழுங்குபடுத்தலே விடையாக வருகிறது. 2019 ஆகஸ்டில் வெளிவந்த கிட் 2.23 பதிப்பு, அத்தகைய கமிட்டுகளைத் தவிர்த்துவிட்டுப் பார்க்கும் வசதியைத் தந்தது. ஆனால் தவிர்க்கவேண்டியவற்றின் பட்டியலை யாராவது பராமரிக்கவேண்டும். நிரல் மாற்றத்தை ஏற்கக் கோரும் புல் ரிக்வெஸ்ட்டில் நடந்த விவாதமோ களஞ்சியத்துக்குள் இருப்பதேயில்லை. அது களஞ்சியத்தை வைத்திருக்கும் இணையச் சேவையின் சர்வரில் இருக்கிறது. எங்கள் குழு ஒருமுறை சேவை மாறியபோது நிரலும் கமிட்டுகளும் வந்து சேர்ந்தன, விவாதங்கள் வரவில்லை.

முடிவுப் பதிவு

மைக்கேல் நைகார்ட் 2011 நவம்பரில் முன்வைத்த முறையை நிரலாளர்கள் ஏடிஆர் என்று சுருக்கிச் சொல்கிறார்கள். நான் அதை முடிவுப் பதிவு என்கிறேன். ஒரு முடிவுக்கு ஒரு சிறு கோப்பு, ஓரிரு பக்கத்துக்கு மேல் போகாதது, நிரல் களஞ்சியத்துக்குள்ளேயே வைக்கப்படுவது. தலைப்பு, சூழல், முடிவு, நிலை, விளைவுகள் என்று ஐந்தே பகுதிகள். கோப்புகளுக்கு வரிசை எண் உண்டு. எண் மறுமுறை பயன்படுத்தப்படுவதில்லை. முடிவு பின்னாளில் மாற்றப்பட்டால் பழைய கோப்பை அழிக்காமல், 'இன்ன எண்ணுள்ள பதிவு இதன் இடத்தைப் பிடித்தது' என்று நிலையை மட்டும் திருத்துகிறார்கள். விக்கியின் பெரிய குறையை இந்த ஒரு வழக்கம் தீர்த்துவிடுகிறது.

ஐந்து பகுதிகளில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது சூழல். முடிவு நிரலிலேயே தெரியும். விளைவு ஓரளவு அனுபவத்தில் தெரியும். ஆனால் எந்த உண்மைகளை நம்பி முடிவெடுத்தோம் என்பது மறைந்துவிட்டால், அந்த உண்மைகள் செத்துப்போன நாள் எது என்பதை யாரும் கவனிக்கமாட்டார்கள். 2018 செப்டம்பர் 1 அன்று விற்பனை, சேவை வரி திரும்பி வந்தபோது சேவை வரி 6 விழுக்காடு. 'எல்லாச் சேவைக்கும் ஒரே விகிதம். ஆகவே நிரலில் ஒரே மாறிலி போதும்' என்பது அன்று நேர்மையான, சிக்கனமான முடிவு. 2024 மார்ச் 1 முதல் பொது விகிதம் 8 விழுக்காடாக உயர்ந்தது. ஆனால் உணவு, பானம், தொலைத்தொடர்பு, வாகன நிறுத்துமிடம், தளவாடப் போக்குவரத்து ஆகிய சேவைகள் 6 விழுக்காட்டிலேயே நின்றன. முடிவின் அடியில் 'எல்லாச் சேவைக்கும் ஒரே விகிதம்' என்ற சூழல் எழுதப்பட்டிருந்தால், அறிவிப்பைப் படித்த எவரும் எந்தப் பதிவு காலாவதியாகிறது என்பதை உடனே சொல்லிவிடலாம். எழுதப்படாவிட்டால், மாறிலியை 6இலிருந்து 8 ஆக்கிவிட்டு வேலை முடிந்தது என்று எண்ணிக்கொள்வார்கள்.

குறைகளையும் சொல்லவேண்டும். நைகார்டின் மூல வடிவத்தில் ஒதுக்கிய வழிகளுக்கென்று தனிப் பகுதி இல்லை. மேலே சொன்ன காரணத்தால் எங்களுக்கு அதுவே முதன்மையான தேவையாக இருந்தது. பின்னாளில் மார்க்டவுன் என்ற எளிய எழுத்து முறையில் வந்த மாட்ர் வடிவத்தில் ஆராய்ந்த வழிகளுக்கு இடம் இருக்கிறது, நாங்கள் அதை எடுத்துச் சேர்த்துக்கொண்டோம். இரண்டாவது குறை, பதிவு பெரும்பாலும் முடிவுக்குப் பின் எழுதப்படுவதால், நடந்ததைவிட ஒழுங்காக நடந்ததுபோல் காட்டிவிடுகிறது. மென்பொருள் ஆய்வாளர்களான டேவிட் பார்னாஸும் பால் கிளெமெண்ட்ஸும் 1986லேயே இதைப் பற்றி எழுதினார்கள்: வடிவமைப்பு ஒருபோதும் நேர்கோட்டில் நடப்பதில்லை, ஆயினும் நேர்கோட்டில் நடந்ததுபோல் ஆவணப்படுத்துவது படிப்பவருக்கு உதவும், கைவிட்ட வழிகளையும் கைவிட்ட காரணத்தையும் அதில் சேர்க்கவேண்டும் என்பது அவர்கள் வாதம். நான் இதை ஏற்கிறேன், ஒரு நிபந்தனையோடு. நேரமின்மையால் எடுத்த முடிவை நேரமின்மையால் எடுத்தோம் என்றே எழுதவேண்டும். தொழில்நுட்பக் காரணம் ஒன்றைப் பிறகு தேடிக் கட்டினால், அடுத்தவர் அந்தப் பொய்யான சுவரை மதித்து ஆண்டுக்கணக்கில் சுற்றிப் போவார்.

மூன்றாவது, எல்லாவற்றுக்கும் பதிவு எழுதத் தொடங்கினால் எதையும் யாரும் படிக்கமாட்டார்கள். முதல் மாதம் நாங்கள் அப்படித்தான் செய்தோம். தேதியைக் காட்ட எந்த நூலகம், பொத்தானுக்கு எந்த நிறம் என்பதற்கெல்லாம் கோப்புகள் பிறந்தன. அதன்பின் ஒரு வரம்பு வைத்தோம்: முடிவைத் திரும்பப் பெறுவதானால் வாடிக்கையாளரின் தரவை இடம் மாற்றவேண்டியிருக்குமா, அல்லது யாருடைய சம்பளத் தொகையாவது மாறுமா? இரண்டுக்கும் இல்லை என்றால் பதிவு வேண்டாம்.

இனி என் முதல் அளவுகோலுக்கு வருகிறேன். தனிக் கோப்புறையில் அமைதியாக உறங்கும் பதிவு, விக்கியைவிட அதிகம் படிக்கப்படும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. இங்கே நாங்கள் சேர்த்த இரு சிறு பழக்கங்களே எல்லா வேறுபாட்டையும் உண்டாக்கின என்று கருதுகிறேன். பதிவுக்குள் தொடர்புடைய அட்டவணைகளின் பெயரையும் கோப்புகளின் பெயரையும் நிரலில் உள்ளபடியே எழுதுகிறோம். ஆகவே அந்த அட்டவணையின் பெயரைக் களஞ்சியத்தில் தேடுபவருக்கு, பெயர் மாற்றுவதற்காகத் தேடினாலும்கூட, பதிவும் சேர்ந்தே வந்து நிற்கிறது. அத்தோடு அட்டவணையை உருவாக்கும் நிரலின் தலையில் 'முடிவு 14ஐப் படிக்கவும்' என்று ஒற்றை வரி இடுகிறோம். கருத்துரையின் பலம் வழியில் எதிர்ப்படுவது. பதிவின் பலம் விரிவாகச் சொல்ல முடிவது. ஒற்றை வரி இரண்டையும் முடிச்சுப் போடுகிறது.

எழுதுவதற்கான உழைப்பு எங்கள் அனுபவத்தில் அரை மணி நேரம். மாற்றத்தின் புல் ரிக்வெஸ்ட்டிலேயே பதிவும் வருவதால், பதிவு இல்லாத மாற்றத்தை மதிப்பாய்வாளர் திருப்பி அனுப்ப முடிகிறது. லினக்ஸ் கெர்னலில் தூரம் உண்டாக்கிய கட்டாயத்தை நாங்கள் இப்படி ஒரு விதியாக உண்டாக்கிக்கொண்டோம். பதிவுகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன, ஏனெனில் குழுவில் எல்லோருக்கும் பொதுவான எழுத்து மொழி அது. ஆனால் கடும் மறுப்புகளைச் சொன்னவரின் சொல்லிலேயே, மலாய் என்றால் மலாயிலேயே, எழுத அனுமதித்திருக்கிறோம்.

முடிவுக்கு முன் எழுதும் முன்மொழிவு

இணையத்தின் முன்னோடி வலையமைப்பைக் கட்டியவர்கள் 1969 ஏப்ரலில் ஸ்டீவ் க்ராக்கர் எழுதிய முதல் ஆர்எஃப்சியிலிருந்தே, முடிவெடுப்பதற்கு முன் எழுதிப் பிறர் கருத்தைக் கேட்கும் பழக்கத்தைக் கொண்டிருந்தார்கள். கருத்துக் கோருதல் என்னும் பணிவான பெயரே, இது கட்டளையன்று என்பதைச் சொல்வதற்காக இடப்பட்டது. பைத்தான் நிரல் மொழி 2000 முதல் பெப் என்ற பெயரில் இதையே செய்கிறது. அதில் நான் பெரிதும் மதிப்பது, நிராகரிக்கப்பட்ட முன்மொழிவுகளும் எண்ணோடும் காரணத்தோடும் நிலைத்திருப்பது. பல மதிப்புகளில் ஒன்றைத் தேர்ந்து கிளைபிரியும் கட்டளை வேண்டும் என்று 2001இல் பெப் 275 கேட்டது. 2006இல் மொழியை உருவாக்கிய கீடோ வான் ராசமே பெப் 3103இல் அதை மீண்டும் எடுத்தார். 2007 பைகான் மாநாட்டில் கையுயர்த்தச் சொல்லிக் கேட்டபோது ஆதரவில்லை என்று கண்டு, தன் முன்மொழிவைத் தானே நிராகரித்தார், அந்தக் காரணத்தையும் அதிலேயே எழுதினார். 2021 அக்டோபரில் வந்த பைத்தான் 3.10இல் மேட்ச் கட்டளை இடம்பெற்றபோது, அது பழைய கோரிக்கையின் மறுபதிப்பாக அன்றி, தரவின் வடிவத்தைப் பொருத்திப் பார்க்கும் வேறொரு கருத்தாக வந்தது. முன்னர் எது ஏன் நின்றுபோனது என்பதை எவரும் படித்துப் பார்க்கும்படி அது அங்கேயே இருந்தது.

இந்த வழியின் விலையையும் பைத்தான் காட்டுகிறது. 2018இல் பெப் 572 பற்றிய விவாதம் அவ்வளவு கடுமையாக இருந்தது. அது ஏற்கப்பட்ட பின், ஒரு முன்மொழிவுக்காக இனி இப்படிப் போராட விரும்பவில்லை என்று சொல்லி, அந்த ஜூலையில் கீடோ தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். எட்டுப் பேர் ஒரே அறையில் இருக்கும் குழுவில், எல்லாவற்றையும் முன்கூட்டி எழுதிச் சுற்றுக்கு விட்டுக் காத்திருப்பது வேலையை நிறுத்திவிடும். ஆயினும் முடிவால் பாதிக்கப்படுபவர்கள் அந்த அறைக்கு வெளியே இருந்தால் வேறு வழியில்லை.

எங்களுக்கு அப்படி வந்தது பெயர்ப் புலம். பல வெளிநாட்டு நூலகங்கள் முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு பெட்டிகளைத் தருகின்றன. மலேசியத் தமிழருக்குக் குடும்பப் பெயர் இல்லை. தன் பெயர், பிறகு ஏ/எல் (மகன்) அல்லது ஏ/பி (மகள்), பிறகு தந்தை பெயர். மலாய்க்காரர்களுக்கு அந்த இடத்தில் 'பின்' அல்லது 'பிந்தி' என்ற சொல் வரும். சீனர்களுக்குக் குடும்பப் பெயர் முன்னால் வரும். இரண்டு பெட்டிகளில் அடைக்கப்பட்ட என் பெயர், என் தந்தையை என் குடும்பமாக்கி, அவர் பெயரால் என்னை விளித்து எத்தனையோ கடிதங்களை அனுப்பவைத்திருக்கிறது. சாய்கோடு தவறான எழுத்து என்று என் பெயரையே ஏற்க மறுத்த படிவங்களும் உண்டு. சம்பள மென்பொருளில் இது மனவருத்தத்தோடு நிற்பதில்லை. அடையாள அட்டையில் உள்ள பெயரே ஊழியர் சேமநிதிக்கும், சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்கும், வருமான வரிக்கும், வங்கிக்கும் போகவேண்டும். ஆகவே ஒரே பெட்டி, அட்டையில் உள்ளபடி, சாய்கோடு உட்பட என்பது எங்கள் முடிவு. ஆனால் கைப்பேசிச் செயலி எழுதும் குழு, வாடிக்கையாளர்களின் மனிதவளப் பிரிவுகள், அறிக்கை வடிவமைப்பவர்கள் ஆகியோர் ஒப்பாமல் அதைச் செய்திருக்க முடியாது. இரண்டு வாரம் முன்மொழிவு சுற்றில் இருந்தது. வாழ்த்துச் செய்தியில் ஒருவரை எப்படி அழைப்பது என்ற, நாங்கள் யோசிக்காத கேள்வி அப்போதுதான் வந்தது. அழைக்கும் பெயருக்கென்று விருப்பப் புலம் ஒன்று சேர்ந்தது. முடிவுக்குப் பின் எழுதும் எந்தப் பதிவும் அந்தக் கேள்வியைக் கொண்டுவந்திருக்காது.

நாங்கள் வந்து சேர்ந்த இடம்

ஆக, ஒரே வழியை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை என்றாலும் முதன்மை எது என்பதில் எனக்கு ஐயமில்லை. களஞ்சியத்துக்குள் இருக்கும் முடிவுப் பதிவே எங்கள் அடித்தளம். ஒரே இடத்தில் வாழும் முடிவுகளுக்குக் கருத்துரை; குழுவின் எல்லையைத் தாண்டுபவற்றுக்கு முன்மொழிவு, அது ஏற்கப்பட்டதும் சுருக்கி முடிவுப் பதிவாகிறது. பினாங்கின் பாயான் லெப்பாஸில் வன்பொருளோடு சேர்ந்து மென்பொருள் எழுதும் என் நண்பர்களின் குழுக்களுக்கு இந்த விகிதம் பொருந்தாது. அங்கே ஒரு முடிவு மின்சுற்றுப் பலகையில் செதுக்கப்பட்டு ஆலைக்குப் போய்விட்டால் திரும்பப் பெறுவது மிகக் கடினம். அவர்கள் முன்மொழிவுக்கே அதிக நேரம் ஒதுக்குவது சரி.

எதிர்வாதம் ஒன்றுக்கு நான் இன்னும் முழு விடை காணவில்லை. கணினி அறிஞர் பீட்டர் நவுர் 1985இல், ஒரு நிரலைப் பற்றிய உண்மையான அறிவு அதை எழுதியவர்களின் மனத்தில் உள்ள ஒரு கோட்பாடு என்றும், அதை எந்த ஆவணமும் முழுமையாக ஏந்த முடியாது என்றும், அந்தக் குழு கலைந்தால் நிரலும் இறக்கிறது என்றும் வாதிட்டார். எங்கள் பதிவுகளைப் படித்த புதியவர்கள் கேட்கும் கேள்விகளைப் பார்க்கும்போது அவர் சொன்னது பெருமளவு சரியென்றே படுகிறது. அதனால்தான் ஒவ்வொரு பதிவிலும் விவாதத்தில் இருந்தவர்களின் பெயர்களை எழுதுகிறோம். எழுத்து நின்றுபோகும் இடத்தில் யாரைக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்பதாவது அதில் இருக்கவேண்டும்.

பழைய முடிவுகளுக்கு என்ன செய்வது என்பதுதான் கடைசியாக எங்கள் முன் நின்றது. காரணம் தொலைந்தவற்றுக்கு ஊகித்து எழுதலாமா? எழுதலாம், ஊகம் என்று குறிப்பிட்டு. வார விடுமுறைக்கான பதிவு 14ஐ எழுத உட்கார்ந்தபோது, அந்த இளம் பொறியாளரையே எழுதச் சொன்னேன். பழியைச் சுமப்பதற்காக அல்ல, அந்த அட்டவணையை அவர்தான் இப்போது எங்கள் எல்லோரையும்விட நன்றாக அறிவார் என்பதால். அவர் சிங்கப்பூரில் இருக்கும் அந்தப் பழைய பொறியாளரைத் தொலைபேசியில் பிடித்து, 'அண்ணே, நீங்க அப்ப ஏன் கிளைவாரியா வச்சீங்க?' என்று கேட்டார். பத்து பகாட் வாடிக்கையாளரைப் பழையவர் உடனே நினைவுகூர்ந்தார். விடுமுறை மாறிய தேதியைக் கிளை வரிசையிலேயே ஏன் வைக்கவில்லை என்று கேட்டதற்கு, நினைவில்லை, நேரமில்லாமல் இருந்திருக்கலாம் என்றார். இரண்டு விடைகளும் பதிவில் இருக்கின்றன, இரண்டாவதன் பக்கத்தில் 'உறுதியில்லை' என்ற குறிப்போடு. அதற்குக் கீழே, கெடா, கிளந்தான், திரங்கானு ஆகிய மாநிலங்களில் வெள்ளி, சனி விடுமுறை தொடர்கிறது என்றும், அவற்றில் எது மாறினாலும் இந்தப் பதிவைத் திறக்கவேண்டும் என்றும் அந்த இளைஞர் சேர்த்திருக்கிறார்.